ஓய்வூதியரின் வரி நிலுவை: யார் பிழை, யார் சுமை?

ஒவ்வொரு நிதியாண்டின் தொடக்கத்திலும் வங்கிக் கிளைகளில் ஒரே காட்சியைக் காணலாம். வைப்புத்தொகை ரசீதுகளின் நகல்களைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு மூத்த குடிமக்கள் வரிசையில் நிற்பார்கள். ‘என் மொத்த வருமானத்துக்கு வரி இல்லை, ஆகவே வட்டியில் வரிப் பிடித்தம் வேண்டாம்’ என்று உறுதி கூறும் படிவத்தைத் தருவதற்காக வந்தவர்கள் அவர்கள். என் பணிக்காலத்தில் அது ‘15எச்’ படிவம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கிப் பணியில் இருந்த நான், கடைசிப் பத்தாண்டுகளை ஓய்வூதியம், வைப்புத்தொகை ஆகிய பிரிவுகளில் கழித்தேன். ‘இங்கே ஒரு கையெழுத்து, கீழே ஒரு கையெழுத்து, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

அப்படி என் எதிரில் அமர்ந்து கையெழுத்திட்ட அம்மையார் ஒருவர், நான் ஓய்வுபெற்ற பிறகு, 2024 பிப்ரவரியில் என் வீட்டைத் தேடி வந்தார். வயது 76. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். மாநில அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த கணவர் காலமாகிவிட்டார். வருமான வரித் துறையிலிருந்து மின்னஞ்சலில் வந்த ஒரு தகவலை மருமகன் அச்செடுத்துக் கொடுத்திருந்தார். 2021-22 நிதியாண்டில் அவருக்கு வைப்புத்தொகை வட்டி வந்திருப்பதாகவும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யப்படவில்லை என்றும் அதில் இருந்தது. “நீங்க காட்டின இடத்துலதானே தம்பி கையெழுத்துப் போட்டேன்? நான் என்ன தப்புப் பண்ணினேன்?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதனாலேயே பதில் சொல்வது எனக்குக் கடினமாக இருந்தது.

ஓய்வூதியர்களிடம் வரி நிலுவையை வசூலிப்பது பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் இரண்டு குரல்கள் ஓங்கி ஒலிக்கின்றன. ‘வாழ்நாள் முழுவதும் வரி கட்டியவர்களிடம் ஓய்வூதியத்துக்கும் வரி கேட்பது அநீதி’ என்பது ஒரு குரல். ‘மாத ஊதியக்காரர் பணத்தைக் கையில் வாங்கும் முன்பே வரி கட்டிவிடுகிறார்; முதியவர் என்பதற்காக ஒருவருக்கு நிலுவையைத் தள்ளுபடி செய்தால் ஒழுங்காக வரி கட்டிய மற்ற முதியவர் ஏமாளியா?’ என்பது இன்னொரு குரல்.

முதல் தரப்பினர் பெரும்பாலும் துணைக்கு அழைப்பது, டி.எஸ். நகரா வழக்கில் உச்சநீதிமன்றம் 1982 டிசம்பரில் வழங்கிய தீர்ப்பை. ஓய்வூதியம் என்பது அரசு மனமிரங்கி அளிக்கும் கருணைத் தொகை அன்று. ஆற்றிய பணிக்கு உரிய உரிமை என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. ஆனால், அதே தர்க்கம் எதிர்த்திசையிலும் இட்டுச் செல்லும். முன்பு செய்த பணிக்குப் பின்னர் கிடைக்கும் ஊதியமே ஓய்வூதியம் என்றால், அதை ஊதியமாகவே கருதி வரி விதிப்பதில் முரண் இல்லை. அந்தத் தீர்ப்பு ஓய்வூதியத்தின் கண்ணியத்தைக் காத்தது, வரிவிலக்கை அளிக்கவில்லை. வருமான வரிச் சட்டமும் ஓய்வூதியத்தை ‘ஊதியம்’ என்ற தலைப்பில்தான் வைத்திருக்கிறது.

இரண்டாம் தரப்பின் வாதத்திலும் ஒரு விடுபடல் உண்டு. மாத ஊதியக்காரருக்கு வருமானம் தருபவர் பெரும்பாலும் ஒருவரே. அவரே கணக்கிட்டு, அவரே பிடித்து, அவரே செலுத்திவிடுகிறார். ஓய்வூதியருக்கு அப்படி இல்லை. பணியில் இருக்கும்வரை ஒரே குழாயில் வந்த தண்ணீர், ஓய்வுக்குப் பிறகு நான்கைந்து குழாய்களில் சொட்டுச் சொட்டாக வருகிறது. நிலுவை எப்படி உருவாகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல், அதை எப்படி வசூலிப்பது என்று விவாதிப்பதில் பயனில்லை. அந்த அம்மையாரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அடையாளம் தெரியாமல் இருக்கத் தொகைகளைச் சற்று மாற்றியிருக்கிறேன். கணக்கின் போக்கு மாறவில்லை.

2021-22 நிதியாண்டில் அவருடைய சொந்த ஓய்வூதியம் மாதம் ரூ.32,000, ஆண்டுக்கு ரூ.3,84,000. அதை வழங்கியது வங்கி. கணவருக்கான குடும்ப ஓய்வூதியம் மாதம் ரூ.18,000, ஆண்டுக்கு ரூ.2,16,000. அதை வழங்கியது மாநில அரசின் கருவூலம். கணவரின் பணிக்கொடையை இரண்டு வங்கிகளில் வைப்புத்தொகையாக வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ரூ.70,000 வட்டி.

சொந்த ஓய்வூதியம் வழங்கிய வங்கி, நிலைக்கழிவான ரூ.50,000-ஐக் கழித்து, வருமானம் ரூ.3,34,000 என்று கணக்கிட்டது. வரிக்குரிய வருமானம் ரூ.5 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு முழுத் தள்ளுபடி உண்டு என்பதால், பிடிக்க வேண்டிய வரி பூஜ்யம். அந்த வங்கி செய்தது சரி. குடும்ப ஓய்வூதியம் சட்டப்படி ‘ஊதியம்’ அன்று. ‘பிற வருமானம்’ என்ற தலைப்பில் வருவது. அதில் மூல வரிப் பிடித்தம் செய்ய விதியே இல்லை. கருவூலம் செய்ததும் சரி. மூத்த குடிமக்களுக்கு அப்போது ஆண்டுக்கு ரூ.50,000-க்கு மேற்பட்ட வட்டிக்கு வரிப் பிடித்தம் உண்டு. ஆனால், 15எச் படிவம் தந்தால் பிடிக்கத் தேவையில்லை. அவர் இரு வங்கிகளிலும் படிவம் தந்திருந்தார். எனவே, அந்த வங்கிகள் செய்ததும் சரி.

ஒவ்வொருவரும் தத்தம் அளவில் சரியாகச் செய்தார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால்தான் பிழை தெரிகிறது. ஓய்வூதியம் ரூ.3,34,000. குடும்ப ஓய்வூதியத்தில் அன்று அனுமதிக்கப்பட்ட ரூ.15,000 போக ரூ.2,01,000. வட்டி ரூ.1,40,000-இல் மூத்த குடிமக்களுக்கான கழிவு ரூ.50,000 போக ரூ.90,000. ஆக, மொத்தம் ரூ.6,25,000. ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டதால் தள்ளுபடி முழுவதும் பறிபோகிறது. முதல் மூன்று லட்சத்துக்கு வரி இல்லை; அடுத்த இரண்டு லட்சத்துக்கு 5 விழுக்காடு, அதற்கு மேல் 20 விழுக்காடு எனக் கணக்கிட்டு, 4 விழுக்காடு கூடுதல் தீர்வையையும் சேர்த்தால் வரி ரூ.36,400. ஆண்டு முழுவதும் பிடிக்கப்பட்டதோ ஒரு ரூபாய்கூட இல்லை.

இதோடு முடியவில்லை. உரிய காலத்தில் கணக்கு தாக்கல் செய்யாததால் 2022 ஆகஸ்ட் முதல் மாதம் ஒரு விழுக்காடு வட்டி. 2024 பிப்ரவரி வரை 19 மாதங்களுக்கு ரூ.6,916. தாமதக் கட்டணம் ரூ.5,000. தவறவிட்ட கணக்கைப் பின்னர் தாக்கல் செய்ய 2022-இல் கொண்டுவரப்பட்ட ‘புதுப்பிக்கப்பட்ட கணக்கு’ முறையில், வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 விழுக்காட்டைக் கூடுதல் வரியாகச் செலுத்த வேண்டும், அது ரூ.10,829. எல்லாம் சேர்ந்து ரூ.59,145. அதாவது, ரூ.36,400 வரிக்கு மேல் ரூ.22,745 சுமை. இது ஓராண்டின் கணக்கு மட்டுமே.

இதில் நான் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று உண்டு. 15எச் படிவத்தில் அந்த ஆண்டின் மொத்த வருமான மதிப்பீடு எவ்வளவு, வேறு எங்கெல்லாம் இதே படிவம் தரப்பட்டுள்ளது என்பதற்கெல்லாம் கட்டங்கள் இருந்தன. அவற்றை ஒவ்வொருவரிடமும் கேட்டு நிரப்ப எங்களுக்கு நேரம் இருந்ததில்லை. வரிசை வாசல் வரை நின்றது. எங்களிடம் இருந்த வைப்புத்தொகையின் வட்டியை மட்டும் எழுதிவிட்டுக் கையெழுத்து வாங்கினோம். சட்டத்தின் பார்வையில் அந்த உறுதிமொழிக்குப் பொறுப்பு கையெழுத்திட்டவரே. படிவத்தைப் பெற்றுக்கொண்ட வங்கிக்கு இதில் இழப்பு ஒன்றுமில்லை. வரிப் பிடித்தம் நடக்காவிட்டால் வரியை நேரடியாகச் செலுத்தும் கடமை வருமானம் பெற்றவரையே சேரும் என்பது சட்டம். என் அவசரத்தின் விலையை அவர் கட்டினார்.

இன்னொன்றும் அன்று நடந்தது. துறையிலிருந்து வந்த தகவலில் குடும்ப ஓய்வூதியம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வட்டி மட்டுமே குறிப்பிடப்பட்டிருந்தது. அதைச் சேர்க்காவிட்டால் வரிக்குரிய வருமானம் ரூ.4,24,000, தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யமாகிவிடும். மருமகன் அதைச் சுட்டிக்காட்டினார். “வர்ற பணத்தை வரலைன்னு எப்படி எழுதறது?” என்று அம்மையார் மறுத்துவிட்டார். வரி ஏய்ப்பவர் என்று முத்திரை குத்தப்படும் அபாயத்தில் இருந்த ஒருவர்தான் இதைச் சொன்னவர்.

இத்தகைய நிலுவை உருவாவதற்கு வேறு வழிகளும் உண்டு. ஓய்வூதியத் திருத்தத்தால் பல ஆண்டுகளின் நிலுவைத் தொகை ஒரே ஆண்டில் மொத்தமாக வரும்போது, அந்த ஆண்டின் வருமானம் திடீரென்று உயர்ந்து வரி விகிதமும் ஏறிவிடும். அதைச் சமன்செய்ய வருமான வரிச் சட்டம் நிவாரணம் தருகிறது. ஆனால், கணக்கு தாக்கல் செய்யும் முன் அதற்குரிய படிவத்தை இணையத்தில் தனியாகச் சமர்ப்பிக்க வேண்டும். அதைச் செய்யாமல் நிவாரணத்தை மட்டும் கணக்கில் கோரியவர்களுக்கு, நிவாரணம் மறுக்கப்பட்டு வரிக் கேட்பு வந்துவிடும். உரிமை இருந்தும், படிவம் இல்லாததால் கடனாளியாவது இப்படித்தான்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. ஓய்வூதியமும் வரியும் உள்ள நாடுகளில் எல்லாம் இதே குழாய்களும் இதே சொட்டுகளும் உண்டு. பிரிட்டனில் அரசு ஓய்வூதியம் வரிக்கு உட்பட்டது. ஆனால், வரி பிடிக்காமலேயே வழங்கப்படுகிறது. அதற்குரிய வரியை, பழைய நிறுவனம் வழங்கும் ஓய்வூதியத்திலிருந்து சேர்த்துப் பிடிப்பார்கள். எவ்வளவு பிடிப்பது என்பதை வரித் துறை ஒரு குறியீட்டெண் மூலம் அந்த நிறுவனத்துக்குத் தெரிவிக்கும். குறியீடு தவறினால் பிடித்தமும் தவறும்.

அந்நாட்டு வரித் துறை 2009-இல் புதிய கணினி முறைக்கு மாறியது. அதுவரை வேலைவாரியாகச் சிதறிக் கிடந்த பதிவுகள் ஒவ்வொரு நபரின் பெயரிலும் ஒன்றுசேர்ந்தன. அதன் விளைவு 2010 செப்டம்பரில் வெளிவந்தது. முந்தைய இரண்டு நிதியாண்டுகளில் சுமார் 14 லட்சம் பேர் சராசரியாக 1,400 பவுண்டு அளவுக்கு வரியைக் குறைத்துச் செலுத்தியிருப்பதும், சுமார் 43 லட்சம் பேர் கூடுதலாகச் செலுத்தியிருப்பதும் தெரிந்தன. குறைத்துச் செலுத்தியவர்களில், ஒன்றுக்கு மேற்பட்ட ஓய்வூதியம் பெற்ற முதியவர்களும் இருந்தனர். துறையின் நிரந்தரச் செயலர் டேவ் ஹார்ட்நெட் முதலில் வானொலிப் பேட்டியில், மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை என்ற நிலையை எடுத்தார். கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டார். முன்பு 50 பவுண்டு வரை மட்டுமே கைவிடப்பட்டு வந்த சிறு நிலுவைகளின் வரம்பு, அந்த ஆண்டுகளுக்கு 300 பவுண்டாக உயர்த்தப்பட்டது.

அயர்லாந்தில் 2012 ஜனவரியில் இதுவே மறுபடி நடந்தது. சமூகப் பாதுகாப்புத் துறையின் ஓய்வூதியத் தரவுகள் வரித் துறையின் கைக்கு வந்ததும், சுமார் 1,15,000 ஓய்வூதியர்களுக்குக் கடிதங்கள் பறந்தன. முதியவர்கள் பதறிப்போனார்கள். வரித் துறைத் தலைவர், ஏற்பட்ட மனவேதனைக்காக மன்னிப்புக் கேட்டார்.

இந்த இரு நிகழ்வுகளிலும் கவனிக்க வேண்டியது, நிலுவை அன்று புதிதாகப் பிறக்கவில்லை என்பதை. அது முன்பே இருந்தது. தரவுகள் ஒன்றுசேர்ந்தபோது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். நம் நாட்டிலும் 2021 நவம்பரில் ‘ஏஐஎஸ்’ எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கை அறிமுகமானது. வங்கி வட்டி, ஈவுத்தொகை, பங்கு விற்பனை எனப் பலவும் பான் எண்ணின்கீழ் ஒரே இடத்தில் தெரிகின்றன. முன்பு யாருக்கும் தெரியாமல் போன சிறு நிலுவைகள் இனித் தெரியும். ஆகவே, அவற்றை எப்படி நடத்துவது என்ற கொள்கையை இப்போதே வகுத்தாக வேண்டும்.

அதற்குப் பிரிட்டனில் ஒரு பழைய மரபு வழிகாட்டுகிறது. ‘ஏ19’ என்று அறியப்படும் சலுகை அது. வரி செலுத்துபவர், அவருடைய நிறுவனம் அல்லது ஓய்வூதியத் துறை தந்த தகவலை வரித் துறை உரிய காலத்தில் பயன்படுத்தத் தவறியிருக்க வேண்டும். தன் கணக்கு சரியாகவே இருக்கிறது என்று அவர் நியாயமாக நம்பியிருக்க வேண்டும். தகவல் கிடைத்த நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதங்களுக்குப் பிறகே நிலுவை அவருக்குத் தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும். இவை பொருந்தினால், பொதுவாக வட்டி மட்டுமல்ல, வரியையே துறை கைவிடும். அந்த நாட்டு விவாதம் முழுவதும் ‘முதியவர் பாவம்’ என்பதைச் சுற்றி நிற்காமல், ‘யாருடைய பிழை?’ என்ற கேள்விக்குத் திரும்பியதற்கு இந்த மரபும் ஒரு காரணம்.

அங்கே விவாதம் இன்னும் ஓயவில்லை. வரிவிலக்கு வரம்பு 2021 முதல் 12,570 பவுண்டில் உறைந்து நிற்க, முழு அரசு ஓய்வூதியம் 2025-26-இல் ஏறத்தாழ 11,973 பவுண்டாக வளர்ந்துவிட்டது. விரைவில் வரம்பைத் தாண்டும்போது, வேறு வருமானமே இல்லாத முதியவர்களிடமும் சில பத்துப் பவுண்டுகளுக்காகக் கடிதம் அனுப்ப நேரும். அரசு ஓய்வூதியம் மட்டுமே பெறுவோரிடம் இத்தகைய சிறு தொகைகளைக் கேட்கும் நடைமுறையை 2027-28 முதல் தவிர்ப்பதாக 2025 நவம்பர் நிதிநிலை அறிக்கையில் அந்த அரசு அறிவித்தது.

நம் நாட்டு அரசும் இந்தத் திசையில் ஓர் அடி வைத்ததுண்டு. 2024 பிப்ரவரி 1 அன்று இடைக்கால நிதிநிலை அறிக்கையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், 2009-10 நிதியாண்டு வரையிலான ரூ.25,000 வரையுள்ள நேரடி வரிக் கேட்புகளையும், 2010-11 முதல் 2014-15 வரையிலான ரூ.10,000 வரையுள்ள கேட்புகளையும் விலக்கிக்கொள்வதாக அறிவித்தார். 1962 வரை பின்னோக்கிச் செல்லும் கேட்புகள்கூட ஏடுகளில் நிலுவையாக இருப்பதை அவரே குறிப்பிட்டார். சுமார் ஒரு கோடிப் பேர் பயனடைவர் என்றும் கூறப்பட்டது. ஒருவருக்கு அதிகபட்சம் ரூ.1 லட்சம் என்ற வரம்புடன் மத்திய நேரடி வரிகள் வாரியம் ஆணை பிறப்பித்தது. வரவேற்கத்தக்க முடிவு. எனினும், அது பழைய ஏடுகளைத் துடைத்த பணியே தவிர, புதிய ஏடுகளில் அதே பிழை சேராமல் தடுத்த பணி அன்று. அதே மாதத்தில்தான் அந்த அம்மையார் என் வீட்டு வாசலில் நின்றார். அவருடைய ஆண்டு அந்த அறிவிப்பில் அடங்கவில்லை.

‘இனி இந்தக் கவலைகளுக்கு இடமில்லையே, புதிய முறையில் ரூ.12 லட்சம் வரை வரி இல்லையே’ என்று சிலர் கேட்கலாம். 2025-26 நிதியாண்டு முதல் அது உண்மைதான். அம்மையாரின் அதே வருமானத்துக்கு இன்றைய விதியில் வரி இல்லை. ஆனால், கடந்த ஆண்டுகளின் நிலுவை அந்தந்த ஆண்டுகளின் விதிப்படியே கணக்கிடப்படும். தவிரவும், ரூ.12 லட்சம் என்பது வரித் தள்ளுபடிக்கான எல்லை. அடிப்படை விலக்கு வரம்பு புதிய முறையில் ரூ.4 லட்சமே. அதைத் தாண்டுபவர், கட்ட வேண்டிய வரி பூஜ்யமானாலும், கணக்கு தாக்கல் செய்தாக வேண்டும். ‘வரி இல்லை’ என்பதை ‘கணக்கு வேண்டாம்’ என்று புரிந்துகொண்டிருக்கும் பல ஓய்வூதியர்களை நான் நாள்தோறும் சந்திக்கிறேன். அடுத்த சுற்று அறிவிக்கைகள் அவர்களைத் தேடித்தான் வரும்.

சரி, என்ன செய்யலாம்? வரியைக் கட்டுவதிலிருந்து ஓய்வூதியருக்கு விலக்குக் கேட்பது என் நோக்கம் அன்று. உரிய வரி உரியதே. நான் கேட்பது, பிழையின் விலையைப் பிழை செய்யாதவர் தலையில் கட்டக் கூடாது என்பதை.

முதலாவதாக, முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஓய்வூதியர் ஆண்டுதோறும் உயிர்வாழ்ச் சான்று தருகிறார். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு அது நவம்பர் மாதம். அப்போது நிதியாண்டு முடிய நான்கு மாதங்களுக்கு மேல் இருக்கும். அந்த நாளில், அவருடைய பான் எண்ணின்கீழ் அதுவரை பதிவான ஓய்வூதியம், குடும்ப ஓய்வூதியம், வட்டி ஆகியவற்றைக் கூட்டி, ‘இந்த ஆண்டு உங்களுக்கு ஏறத்தாழ இவ்வளவு வரி வரக்கூடும்’ என்று தமிழில் ஒரே ஒரு தாள் கையில் கொடுத்தால் போதும். ஓய்வூதியம், குடும்ப ஓய்வூதியம் இரண்டையும் வழங்குவது அரசுகளே. ஒரு கை கொடுப்பதை இன்னொரு கை அறியாமல் இருப்பது ஓய்வூதியரின் குற்றம் அன்று.

இரண்டாவதாக, 75 வயது நிறைந்தவர்களுக்கு 2021 ஏப்ரலில் வந்த நல்லதோர் ஏற்பாட்டை விரிவாக்க வேண்டும். ஓய்வூதியமும், அதே வங்கியின் வட்டியும் மட்டுமே வருமானமாக இருந்தால், வங்கியே வரியைக் கணக்கிட்டுப் பிடித்துக்கொள்ளும். கணக்கு தாக்கல் தேவையில்லை. ஆனால், ‘அதே வங்கி’ என்ற ஒரு நிபந்தனையால் அஞ்சலகத்திலோ வேறு வங்கியிலோ சிறிது பணம் போட்டவர்களும் இதற்கு வெளியே நிற்கிறார்கள். ஓய்வூதியர் விரும்பினால், பிற இடங்களின் வட்டியையும் குடும்ப ஓய்வூதியத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பொறுப்பை ஒரு வங்கி ஏற்கலாம். வயது வரம்பையும் குறைக்கலாம்.

மூன்றாவதாக, நிலுவை வசூலிப்பில் ஒரு வேறுபாடு வேண்டும். வருமானம் முழுவதும் அரசு, வங்கி, அஞ்சலகம் ஆகியவற்றின் ஏடுகளிலேயே இருந்து, ஓய்வூதியர் எதையும் மறைக்கவில்லை என்றால், வரியை மட்டும் பெற்றுக்கொண்டு வட்டி, கட்டணம், கூடுதல் வரி, அபராதம் ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். இது ஏய்ப்பவருக்கு மறைவிடம் ஆகிவிடாதா என்றால், ஆகாது. வாடகையை ரொக்கமாக வாங்கி மறைத்தவரோ, சொத்து விற்ற தொகையைக் காட்டாதவரோ இந்த வரையறைக்குள் வரவே மாட்டார். இதில் வட்டியைத் தளர்த்துவதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. 1961 சட்டத்தின் 119-ஆவது பிரிவு, குறிப்பிட்ட வகை வழக்குகளில் தாமத வட்டி போன்றவற்றைத் தளர்த்த வாரியத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. கடந்த ஆண்டுகளின் நிலுவைகளுக்குப் பொருந்துவதும் அந்தச் சட்டமே. தொழில் வருமானம் இல்லாத மூத்த குடிமக்கள் முன்கூட்டி வரி செலுத்தத் தேவையில்லை என்று 2012-இலேயே விலக்களித்த சட்டம், இந்த நியாயத்தைப் பாதி ஏற்றுக்கொண்டதுதான்.

நான்காவதாக, தவணை. வரிக் கேட்பைத் தவணையில் செலுத்த அனுமதிக்கும் அதிகாரம் அலுவலருக்கு இப்போதும் உண்டு. ஆனால், விண்ணப்பித்து, விளக்கி, காத்திருந்து பெற வேண்டியது அது. ஓய்வூதியர் கேட்டாலே கிடைக்கும் உரிமையாக அதை மாற்றி, மாத ஓய்வூதியத்தில் சிறுசிறு தொகையாகப் பிடித்துக்கொள்ளலாம். 76 வயதில் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் உடைப்பது என்பது வெறும் கணக்கு மாற்றம் அன்று. மருத்துவத்துக்கென்று ஒதுக்கிவைத்த தைரியத்தை உடைப்பது.

அறிவிக்கை வந்து சேரும் விதமும் மாற வேண்டும். பல முதியவர்களின் வருமான வரிக் கணக்கில் இருக்கும் மின்னஞ்சல் முகவரி, பேரனுடையதாகவோ இணைய மையம் நடத்துபவருடையதாகவோ இருக்கிறது. அறிவிக்கை அங்கே போய்ச் சேர்ந்து, காலக்கெடு முடிந்து, வட்டி வளரத் தொடங்கிய பிறகே பலருக்குச் செய்தி தெரிகிறது. இன்னொரு பக்கம், வரித் துறையின் பெயரால் போலிக் குறுஞ்செய்தி அனுப்பிப் பணம் பறிப்பவர்களுக்கு முதல் இரையாவதும் இவர்களே. 2019 அக்டோபர் முதல் துறையின் கடிதங்களுக்குத் தனி ஆவண அடையாள எண் வழங்கப்படுகிறது. துறையின் இணையதளத்தில் அந்த எண்ணை இட்டு, கடிதம் உண்மையானதா என்று சரிபார்க்கலாம். இதை ஒவ்வொரு ஓய்வூதியர் சங்கக் கூட்டத்திலும் சொல்ல வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திராமல் குடும்பத்தினர் செய்யக்கூடியதும் உண்டு. வீட்டில் ஓய்வூதியர் இருந்தால், ஆண்டுக்கு ஒருமுறை அவருடன் அமர்ந்து எல்லா வருமானங்களையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை தெரியாமல், வரிப் பிடித்தம் வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட விடாதீர்கள். வரித் துறை இணையதளத்தில் அவருடைய ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து பாருங்கள். அரை மணி நேர வேலை அது.

அந்த அம்மையார் ஒரு வைப்புத்தொகையை உடைத்து முழுத் தொகையையும் செலுத்தினார். ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “அடுத்த தடவை அந்த படிவம் குடுத்தா யாரைக் கேட்டுட்டுக் கையெழுத்துப் போடணும் தம்பி?” என்றார். என்னிடம் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு ஆண்டுகளாகக் கொண்டுவருகிறார். இப்போது அக்கம்பக்கத்தினரும் வருகிறார்கள். முன்னாள் வங்கி ஊழியன் ஒருவன் திண்ணையில் அமர்ந்து செய்யும் இந்த வேலையை, எல்லாத் தகவலும் கையில் வைத்திருக்கும் அரசு செய்ய முடியாதா என்பதே என் கேள்வி.